மீன்முள் வாய்க்கால்

"ஏண்டா, கையெழுத்து போட்டப்புறம் காட்டுக்குள்ள வராதேன்னுட்டா வலையை எங்கடா வீசுறது?" முதல் கூட்டத்தில் பெரியப்பா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். முத்துப்பேட்டைப் பக்கம், தொண்ணூறுகளின் கடைசி. அலையாத்திக் காட்டை மீட்க வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமங்களோடு கூட்டுச் சேர்ந்த நேரம். அதற்காக ஊரில் அமைத்த மன்றத்துக்கு நான் பொருளாளர். பத்தாவது படித்ததைத் தவிர வேறு தகுதி கிடையாது.

காடு செத்ததற்குக் காரணம் பழைய கூப்பு வெட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையடிப்பது. ஒரேயடியாக மரத்தை வெட்டியதும் சேறு வெயிலில் காய்ந்து, தரை அமுங்கித் தாம்பாளமாகக் குழிந்துவிட்டது. கடல் ஏற்றத்தில் வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியேறாமல் அங்கேயே சுண்டி உப்பாகும். அதில் எந்த விதை முளைக்கும்? மீன்பிடிக்க எங்கள் ஆட்கள் வெட்டிய வாய்க்கால் ஓரம் மட்டும் மரம் பச்சையாக நிற்கும். பெரியப்பா அதைச் சொன்னதும் வந்தவர்கள் நோட்டை எடுத்து எழுதினார்கள். அதன் பிறகுதான் பெரியப்பா இறங்கி வந்தார்.

வங்கிக் கணக்கு, தீர்மானம் எல்லாம் சுலபம். காட்டுக்குள் விடாவிட்டால் மாட்டை எங்கே மேய்ப்பது என்பதில்தான் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை.

வேலை தொடங்கியதும் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்தோம். ஆற்றிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். முழங்கால் புதையும் களி, மண்வெட்டி ஒட்டிக்கொண்டு வராது. ஐப்பசி மழையில் அலையாத்தி விதை பொறுக்கினோம், அவரைக்கொட்டை மாதிரி இருக்கும். முதலில் வாய்க்கால் அடியில் ஊன்றியது அத்தனையும் அழுகியது. மேல்கரையில் வைத்தது கருகியது. சரிவின் நடுவில், ஏற்றத்தண்ணீர் தொட்டுவிட்டுப் போகும் இடத்தில் வைத்ததுதான் பிழைத்தது.

வெட்டியதோடு வேலை முடியும் என்று நினைத்தது என் மடத்தனம். கிளைகள் தூர்ந்துகொண்டே இருக்கும், வாரிக்கொண்டே இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்ததில் வாய்க்கால் முழுக்க முறிந்த மரக்கிளைகள். மன்றக் கணக்கில் கூலிக்குப் பணமில்லை. வற்றம் பார்த்து ஒன்பது பேர் இறங்கினோம். நாலு கிளை வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. மற்றவை இன்னும் அடைபட்டே கிடக்கின்றன.