புது பிளாட்டை விட்டுவிட்டு, ஓதம் ஏறிய பழைய வீட்டை வாங்கினோம்

போன மாதம்தான் பத்திரம் பதிவானது. சாவி எங்கள் கையில், வீடு இப்போது கொத்தனார் கையில். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பட்ஜெட் 70 லட்சம். தாம்பரம், பல்லாவரம், பம்மல் என்று சுற்றியதில் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, மூன்றாவது மாடியில் புது பிளாட். கிச்சன் அலமாரி வரை முடிந்திருந்தது, பால் காய்ச்ச வேண்டியதுதான் பாக்கி. இன்னொன்று, 1980களில் கட்டிய தனி வீடு. 800 சதுர அடி மனை, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம், வாசல்படியைவிட ரோடு உயரம். வீட்டில் எல்லோரும் பிளாட் பக்கம்தான். கணக்கும் அதற்கே சாதகம். பிளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துக்கு மேல் போனால், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 7%. பழைய வீட்டுக்கு 9%.

பிளாட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தோம். வங்கி வக்கீல் கேட்ட முதல் காகிதமே அனுமதி பெற்ற பிளான். விற்பனைப் பிரிவில் இருந்தவர் "நாளைக்கு அனுப்புறேன் சார்" என்று இழுத்தடித்து, கடைசியில் அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். விடாமல் கேட்டு முழு பிளானையும் வாங்கிப் பார்த்தால், கார் நிறுத்தும் தளத்துக்கு மேல் இரண்டு மாடிக்குத்தான் அனுமதி. நாங்கள் வாங்க இருந்த மூன்றாவது மாடி பிளானிலேயே இல்லை! பணி நிறைவுச் சான்றும் இல்லை, மின்சாரம் கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டி முடித்த வீடு, ஜிஎஸ்டி கிடையாது என்று சொல்லியே விற்றார்கள். நிறைவுச் சான்று வாங்காத வீட்டுக்கு அந்தப் பேச்சை அப்படியே நம்பக் கூடாது. வங்கி கடன் தராது என்று சொல்லிவிட்டது.

நல்லவேளையாக, வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கியிருந்தோம். பணத்தைச் செக்காகத்தான் கொடுத்தோம். அப்படியும் ஏகப்பட்ட போன் போட்ட பிறகுதான் பணம் வந்தது. வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்திருந்தால் ஒரு ரூபாய் திரும்பியிருக்காது.

அப்புறம்தான் பழைய வீட்டுப் பத்திரங்களைப் புரட்டினோம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, அந்தக் கால பிளான், வரி ரசீதுகள் எல்லாம் ஒரே ஃபைலில் வரிசையாக இருந்தன. வக்கீல் ஒரே வாரத்தில் ஓகே சொன்னார்.

இங்கே இடித்தது பணம். நாங்கள் பேசிய விலை 70 லட்சம். வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்தின் வயதைக் கேட்டுவிட்டு 64 லட்சம் என்று போட்டார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் மதிப்பில் 80% வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதாவது 51.2 லட்சம். மீதி 18.8 லட்சமும் பத்திரச் செலவு 6.3 லட்சமும் கைக்காசு. ரிப்பேர் செலவு இந்தக் கடனுக்குள் வராது. பழைய வீடு பார்ப்பவர்கள் பேரம் பேசும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். "விலை குறைவு, மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம்" என்பதெல்லாம் கையில் ரொக்கம் இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும்.

பதிவு நாள்தான் இன்னமும் மனதில் எரிகிறது. விற்பவர்கள் ஓர் அம்மாவும் இரண்டு மகன்களும். மூத்தவர் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்குள்ள இந்திய ஹை கமிஷனில் (தூதரகம்) கையெழுத்துப் போட்டு, தன் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரத்தை, அதாவது பவரை, தம்பிக்கு அனுப்பியிருந்தார். லீவு போட்டு, வங்கி ஆளையும் டிடியோடு வரவழைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வரிசைப்படி உள்ளே போனோம். பவரைப் புரட்டிப் பார்த்த எழுத்தர், "இது அட்ஜுடிகேஷன் ஆகலையே" என்று தள்ளிவிட்டார். அது என்ன, எங்கே செய்வது என்று கேட்டால் பதில் இல்லை, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே இருந்த பத்திர எழுத்தர்தான் விளக்கினார்: வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைக் கட்டணம் கட்டி முடிக்க வேண்டும். அதை முடித்துக்கொண்டு போனால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று எங்கே என்றார்கள். முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் அல்லவா? எழுபது வயது அம்மாவை அந்த வெயிலில் திரும்பத் திரும்ப வரவழைத்ததற்கு எந்த நியாயமும் இல்லை. இன்னொன்று, விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்கு வழக்கமான 1% டிடிஎஸ் (வாங்குபவர் விலையிலிருந்து பிடித்துக் கட்டும் வருமான வரி) செல்லாது, அதிகமாகப் பிடிக்க வேண்டும். பணம் கைமாறும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

வேலை ஆரம்பித்ததும் கொத்தனார் கரண்டிக் காம்பால் கூரையைத் தட்டிக்கொண்டே வந்தார். ஹாலில் கெட்டியான சத்தம். குளியலறைக்கு மேலே வந்ததும் பொள்ளலாகக் கேட்டது. பூச்சை உதிர்த்தால் கம்பி துருவேறி உப்பி, விரலால் தேய்த்தாலே செதில் செதிலாக வந்தது. வாங்கும் முன்பே ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிப் போய் இதையெல்லாம் பார்த்து, விலையில் 2 லட்சம் குறைத்துத்தான் அந்த 70-க்கு வந்திருந்தோம், அதனால் அதிர்ச்சி இல்லை. வெள்ளத்தைப் பற்றி மட்டும் இன்ஜினியரைவிடப் பக்கத்து வீட்டம்மாவின் பேச்சுக்குத்தான் மதிப்பு. 2015-ல் தண்ணீர் நின்ற உயரத்தைக் கேட்டில் தொட்டுக் காட்டினார். வீட்டுக்குள் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது.

மொட்டை மாடி ஒழுகலும் வயரிங்கும் முடிந்துவிட்டன. குளியலறை அடுத்த வாரம் முடியும், முடிந்ததும் குடி போகிறோம். கிச்சன் அலமாரியெல்லாம் தீபாவளி போனஸ் வந்த பிறகுதான்.