பாக்கெட்டுக்குப் பழகிய மடக்குக் கத்தி

தினமும் உடன் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். அலகு 8 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, டி2 என்ற வகை எஃகு, ஜி10 என்ற கண்ணாடி இழைப் பலகையில் பிடி, லைனர் லாக் என்ற பூட்டு. நடுத்தர விலைக் கத்திகளில் அதிகம் புழங்குகிற சேர்க்கை இது. கைக்கு வந்ததும் பிரித்துப் போடாமல், வந்த நிலையிலேயே சில வாரம் புழங்கிப் பார்த்தேன். பார்சல் பிரிப்பது, பழம் நறுக்குவது, கயிறு அறுப்பது, பென்சில் சீவுவது என்று சாதாரண வேலைகள்தான்.

அப்போது எழுதி வைத்த குறைகளைப் பிறகு எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் வெட்டும்போது தெரிந்தவையே அல்ல. பாக்கெட்டில் மாட்டும் கிளிப் துணியைக் கிழிக்கிறது, உள்ளே கைவிட்டால் அலகின் முதுகு விரலைச் சுரண்டுகிறது, நூலும் தூசியும் சேர்ந்து மடக்கும் இடத்தில் கரகரக்கிறது. எல்லாம் பாக்கெட் சமாசாரம். யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கத்தி கையில் இருப்பது ஒரு நாளில் சில நிமிடம். மீதி நேரம் முழுக்கத் துணிக்குள். ஆனால் கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எஃகின் பெயரையும் திறக்கும் வேகத்தையும் தாண்டுவதே இல்லை. அதனால் கத்தியை எனக்கேற்பத் திருத்தும் வேலைகளின் வரிசையைப் பாக்கெட்டை வைத்தே அமைத்துக்கொண்டேன்.

அதற்கு முன் பூட்டு. மற்றதெல்லாம் வசதி, இது விரல் விஷயம். லைனர் லாக்கில், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டின் ஒரு பகுதி வளைந்து வந்து, விரிந்த அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். இன்று நாம் பார்க்கும் வடிவத்தை 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்தி வினைஞர். அதே தகட்டில் ஒரு சின்ன உருண்டை பதித்திருக்கும். கத்தி மடங்கியிருக்கும்போது அது அலகின் பக்கத்தில் உள்ள குழியில் விழுந்து, அலகு தானாகத் திறக்காமல் பிடித்துக்கொள்ளும். பாக்கெட்டில் நம்மைக் காப்பது இந்த உருண்டைதான். மடக்கிய கத்தியை, ஆளில்லாத பக்கம் பார்த்து, நன்றாக உதறிப் பார்த்தேன். அசையவில்லை. சரி.

பூட்டும் தகடு அலகின் அடிப்பகுதி அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை வந்து உட்கார்ந்தது. ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் வழுக்கிவிடும். எதிர்ப்பக்கம் வரை போய்விட்டால் இனித் தேய்வதற்கு இடமில்லை. அலகைப் பிடித்து ஆட்டிப் பார்க்கையில் இரண்டு வகை ஆட்டத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் அச்சுத் திருகை இறுக்கினால் போய்விடும். மேலும் கீழுமாக ஆடினால் அது பூட்டின் கோளாறு, திருகால் தீராது. என் கத்தியில் இருந்தது முதல் வகை மட்டும். அலகின் முதுகை மேசையில் அடித்துச் சோதிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; விரல்களை அலகின் வழியிலிருந்து விலக்கி, முதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாலே போதும். மடக்கும்போது பூட்டு ஒட்டிக்கொண்டு எளிதில் விலகாத சின்னத் தொந்தரவு இருந்தது. தகடு முட்டும் முகத்தில் பென்சிலால் தேய்த்தேன், கிராஃபைட் அதைச் சரிசெய்துவிட்டது.

அப்புறம் பிரித்தேன். அச்சுக்கு டி8, மற்ற திருகுகளுக்கு டி6 அளவு டார்க்ஸ் என்ற நட்சத்திர முனை. டி6 மிகச் சிறியது. மலிவான முனையைப் போட்டுத் திருகினால் திருகின் தலை மழுங்கி, அதோடு கதை முடிந்தது. திருகு வராவிட்டால் பலத்தைக் காட்டாமல், சூடான சால்டரிங் அயர்னை அதன் தலையில் சிறிது நேரம் வைத்தால், உள்ளே போட்டிருக்கும் திருகுப் பசை இளகும். உள்ளே பாஸ்பர் வெண்கல வாஷர்கள் இருந்தன. இது எனக்குப் பிடித்தமான செய்தி. பால் பேரிங் வைத்த கத்தி ஒரு தட்டலில் திறக்கும், பார்க்க அழகுதான், ஆனால் பாக்கெட் நூலும் மணலும் அந்த உருண்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். வாஷருக்கு அந்த இடுக்கு இல்லை. 2000 எண் உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்து, தண்ணீர் விட்டு வாஷர்களை மெதுவாகத் தேய்த்தேன். பளபளப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், மெலிந்துவிட்டால் ஆட்டம் கூடும். ஒரு துளி மினரல் எண்ணெய் விட்டு மூடினேன். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும், வேண்டாம். திருகுகளை ஆல்கஹாலில் துடைத்து, சின்னத் திருகுகளுக்கென்றே இருக்கிற ஊதா நிறத் திருகுப் பசையைத் துளியளவு வைத்தேன்.

கிளிப்புக்குத்தான் அதிக நேரம் போனது. ஜி10 என்பது கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸியில் அடுக்கி அழுத்திய பலகை. வழுக்காமல் இருக்க அதன் மேல் சொரசொரப்பு கொடுத்திருப்பார்கள். அந்தச் சொரசொரப்பு கிளிப்பின் அடியிலும் இருந்தால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் துணியை அராவும். ஆக கிளிப் படும் இடத்தை மட்டும் 400 எண் உப்புத்தாளால் வழவழப்பாக்கினேன், மற்ற இடத்தைத் தொடவில்லை. இதைத் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும்; கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கிளிப்பின் இறுக்கத்தைக் குறைக்க, அதைக் கழற்றி மிகக் கொஞ்சமாக வெளிப்பக்கம் வளைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி வளைத்து என்று போயிற்று. அலகின் முதுகு பாக்கெட்டின் தையலை ஒட்டி நிற்குமாறு மாட்டினேன். உருண்டையின் பிடி எப்போதாவது தளர்ந்தாலும், தையல் தடுப்பதால் அலகு திறக்க இடமில்லை.

அடுத்தது முதுகு. 90 பாகை விளிம்பு, அதன் மேல் கட்டைவிரலுக்கென்று வெட்டிய பற்கள். தீப்பொறி எழுப்பத் தீக்கோலை உரசுகிறவர்களுக்கு அந்தக் கூர்மை வேண்டும், எனக்குத் தேவைப்படவில்லை. கூர்ப்பக்கத்தைத் தடித்த டேப்பால் மூடிக்கொண்டு, உப்புத்தாளை நாடாவாகக் கிழித்து முதுகின் குறுக்கே இழுத்து இழுத்து உருட்டினேன். பற்களை முழுதாக எடுக்கவில்லை, நுனிகளை மட்டும் மழுக்கினேன். பாக்கெட்டின் வாயோரம் நைந்துபோவது இதோடு நின்றுவிட்டது.

கடைசியாகத்தான் கூர். வந்தபோது பக்கத்துக்கு 23 பாகை போல இருந்தது, இரு பக்கமும் சமமாகவும் இல்லை. 17க்குக் கொண்டுவர நினைத்தேன். கோணத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஒரு சின்னக் கணக்கு போட்டால் எளிது. அலகின் அகலத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால், கல்லிலிருந்து முதுகு எவ்வளவு உயர வேண்டும் என்று கிடைக்கும். அகலம் 25 மில்லிமீட்டர் என்றால் 17 பாகைக்கு 7.3 மில்லிமீட்டர், 20 பாகைக்கு 8.6. அந்த உயரத்துக்கு ஒரு மரச் சிம்பைச் செதுக்கி வைத்துக்கொண்டு அவ்வப்போது சரிபார்த்தேன். கூரின் சரிவில் மார்க்கரால் மை பூசித் தேய்த்தால் கல் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

டி2-வில் ஏறக்குறைய 1.5 சதவீதம் கரி, 12 சதவீதம் குரோமியம். இரண்டும் சேர்ந்து உருவாகும் கடினமான கார்பைடுகளால்தான் கூர் நெடுநாள் நிற்கிறது, அதே காரணத்தால்தான் சாதாரண சாணைக்கல்லில் பொறுமையைச் சோதிக்கிறது. வைரத் தகடு இருந்தால் இந்தப் பாடு இல்லை. 400 எண் தகட்டில் மறுபக்கம் பிசிறு எழும்வரை தேய்த்து, 1000 எண்ணில் அதை எடுத்து, தோல் பட்டையில் சில இழுப்போடு நிறுத்திக்கொண்டேன். கண்ணாடி மெருகு வரை போவதில் எனக்கு ஆர்வமில்லை. அட்டைப்பெட்டிக்கும் கயிற்றுக்கும் கொஞ்சம் பல் பல்லாக இருக்கும் கூர்தான் கடிக்கும்.

12 சதவீதம் குரோமியம் இருந்தும் டி2 துருப்பிடிக்கும். அதில் நல்ல பகுதி கார்பைடுகளுக்குள் சிக்கிக்கொள்வதால், துருவைத் தடுக்க மீதமிருப்பது குறைவு. பாக்கெட்டில் வியர்வை வேறு. அச்சுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி எழுந்ததைக் கண்டு, எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

இன்னும் அலகு நடுவில் நிற்கவில்லை, மடக்கினால் ஒரு பக்கத் தகட்டை நோக்கிச் சாய்கிறது. உரசாத வரை அதை விட்டுவிடுவதாக இருக்கிறேன். நேராக்கப் போய் அச்சை இறுக்கினால் திறப்பது கனத்துவிடும். பிடியை மிகார்ட்டாவுக்கு (துணியைப் பிசினில் அடுக்கி அழுத்திய பலகை) மாற்றும் திட்டமும் தள்ளிப்போய்விட்டது. பார்க்க நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை. இதே வேலைகளில் இறங்குகிறவர்கள், பூட்டும் வகை அலகையும் அதன் நீளத்தையும் தங்கள் பகுதிச் சட்டம் அனுமதிக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, பிரிட்டனில் காரணமின்றி எடுத்துச்செல்ல முடிவது பூட்டாத, கூர்ப்பக்கம் 3 அங்குலத்துக்கு மேல் போகாத மடக்குக் கத்தி மட்டுமே.