ஆயிரம் கன அடிதான்மா

"செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்களாமே, நாங்க கிளம்பணுமா சார்?" இது பத்திரிகை ஆபீசுக்குப் போனில் வந்த கேள்வி. "ஆயிரம் கன அடிதான்மா, பயப்பட ஒண்ணுமில்ல." இது எங்கள் செய்தி டெஸ்க்கிலிருந்து போன பதில். 2020 நவம்பர் 25, நிவர் புயல் கரையேறப் பாதி நாள் மிச்சமிருந்த மத்தியானம். பேச்சு ஒரு நிமிடம்கூட நீளவில்லை. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலிருந்து பேசுவதாக அந்த அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். அது காதில் விழுந்தது. விழுந்தும் பதில் மாறவில்லை.

எண்ணில் தப்பில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டம் 22 அடியை நெருங்கியதும் பகல் 12 மணிக்கு நொடிக்கு 1,000 கன அடி வீதம் திறந்தார்கள். ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக நொடிக்கு 28,300 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்கில் நொடிக்கு இரண்டு லாரி, அதற்கும் மேலே கொஞ்சம். இப்படிச் சொன்னால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அதே அளவில் ஒரு நாள் முழுக்க விட்டால் வெளியேறுவது 86 மில்லியன் கன அடி, முழு ஏரியில் நாற்பதில் ஒரு பங்கு. இப்படிச் சொன்னால் ஒன்றுமே இல்லை. சென்னை மூழ்கிய 2015 வெள்ளத்தில், டிசம்பர் 1 அன்று திறந்ததாக அரசு சொன்ன அளவு 29,000 கன அடி, அதாவது நொடிக்கு 68 லாரி. அந்த எண் மனதில் உட்கார்ந்திருந்ததால்தான் 'ஆயிரம்' என்பதோடு ஒரு 'தான்' ஒட்டிக்கொண்டது.

அந்தத் 'தான்' யாரும் கொடுத்த தகவல் இல்லை. அப்போது பொதுப்பணித்துறை வெளியிட்ட ஏரி நிலவரத்தில் நீர்மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் என்று நான்கு எண்கள் வரும். செய்தியில் பெரிதாகப் போவது நான்காவது. வரப்போவதைச் சொல்வது மூன்றாவது. வரத்து வெளியேற்றத்தைவிடப் பல மடங்கு இருந்து, ஏரியும் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தால், மதகை இன்னும் தூக்கத்தான் போகிறார்கள். அன்றும் அதுதான் நடந்தது. படிப்படியாக ஏற்றி, இரவுக்குள் பல மடங்கு. மத்தியானம் சொன்ன 'ஆயிரம்' அந்த மணிநேரத்துக்கு மட்டும் உண்மை.

இதுவரைக்கும் இருந்தால் மறந்துபோயிருக்கும். இரவு 9 மணிக்குள் பழசாகாத எண் எது?

உறுத்துவது வேறு. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர்க் கால்வாய் குன்றத்தூர் வழியாக வந்து திருநீர்மலைக்குப் பக்கத்தில் அடையாற்றில் சேர்கிறது. அதற்குக் கீழே அனகாபுத்தூர், மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சேர்மானத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே வரும் வெள்ளம் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளும் தாம்பரம் சுற்றுவட்டார மழையும் கொண்டுவருவது. செம்பரம்பாக்கத்தில் ஆயிரம் திறந்தாலும், திறக்காமலே இருந்தாலும், முடிச்சூர் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதற்கு அது பதிலாகாது. அந்த அம்மா கேட்டது தவறான ஏரியை. பதிலும் அதே ஏரியிலிருந்தே போனது. எண் சரி, ஊர் சரியில்லை.

அவர் ஏன் அந்த ஏரியைக் கேட்டார் என்பது சுலபமாகப் புரிகிறது. அதுதானே செய்தி. மதகு இருக்கிறது, அதைத் தூக்க ஓர் ஆள் இருக்கிறார், தூக்கும் முன் மாவட்ட ஆட்சியர் எச்சரிக்கை விடுகிறார், கேமரா போகிறது. சிற்றேரிகளில் பலவற்றுக்கு வெறும் கலங்கல்தான். நிரம்பினால் தானாக வழியும். யாரும் 'திறப்பதில்லை', யாரும் திறக்காததால் அறிவிப்பு இல்லை, அறிவிப்பு இல்லாததால் தலைப்பு இல்லை. 'ஏரி திறப்பு' என்று எழுதிப் பழகிய கைக்கு, 'ஏரி வழிகிறது' என்று எழுத மறுநாள் படம் வர வேண்டியிருக்கிறது.

அன்று இணையதளத்துக்குப் போன நான்கு வரியையும் சொல்லியாக வேண்டும். வந்த எச்சரிக்கையில் ஊர்ப் பெயர்கள் இருந்தன: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை. கடைசியில் வழக்கமான வால், 'மற்றும் அடையாறு ஆற்றின் இருபுறமும் உள்ள தாழ்வான பகுதிகள்'. இடத்துக்காக ஆறு ஊரையும் வெட்டிவிட்டு 'அடையாற்றங்கரை மக்களுக்கு எச்சரிக்கை' என்று தலைப்பு வைத்தோம். செல்போன் திரையில் இரண்டு வரிக்குள் அடங்கும், படிக்கவும் தெளிவு. முடிச்சூரும் அடையாற்றங்கரைதான். ஊர்களை வெட்டியபோது, திருநீர்மலைக்கு மேலே, கீழே என்ற வித்தியாசமும் சேர்ந்தே போய்விட்டது. அந்தத் தொலைபேசி அழைப்பை வரவழைத்ததே அந்தத் தலைப்பாக இருக்கலாம்.

பெயர்களை வைத்திருந்தால்? பட்டியலில் முடிச்சூர் இல்லை. அந்த அம்மா அதைப் படித்துவிட்டு 'நமக்கில்லை' என்று நிம்மதியாக இருந்திருப்பார். அழைத்துக்கூட இருக்கமாட்டார். வெட்டியது நல்லதா கெட்டதா என்று இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

டெஸ்க்கில் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. "நாம என்ன ஜோசியமா சொல்றோம்? காலி பண்ணச் சொல்றது கலெக்டர் வேலை." எந்தக் கலெக்டர் என்பது இன்னொரு சங்கடம். முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், ஒட்டினாற்போல் இருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். அறிவிப்புகள் இரண்டு மக்கள் தொடர்பு அலுவலகங்களிலிருந்து தனித்தனியாக வரும். ஆறு மட்டும் ஒன்று. சரி, காலி செய்யச் சொல்வது நம் வேலை இல்லை. அப்படியானால் 'பயப்பட ஒண்ணுமில்ல' என்று சொல்வது மட்டும் யார் வேலை? 'தெரியலைம்மா, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க' என்று சொல்லியிருக்கலாம். புயல் நாளில் அங்கே யார் எடுப்பார்கள் என்பது நமக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அதனால்தான் பத்திரிகை ஆபீசுக்கு அடிக்கிறார்கள்.

அந்தப் புயலில் தாம்பரத்தில் 31 செ.மீ. கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்கள் முழுகிப் படகு விட்டார்கள். சைதாப்பேட்டையில் 2015 திரும்பவில்லை. அந்த அம்மா மறுபடி அழைக்கவில்லை. மேல்மாடி இருந்ததா, முன்னதாகவே கிளம்பிவிட்டாரா, எதுவும் தெரியாது. அழைப்பவரின் போன் எண்ணைக் குறித்துவைக்கும் வழக்கம் இல்லை.

செய்திருக்க வேண்டியது பெரிய காரியமில்லை. 'திருநீர்மலைக்கு மேலயா கீழயா?' என்று ஒரு கேள்வி. மேலே என்றால் செம்பரம்பாக்கத்தை விட்டுவிட்டு, ஆதனூர்ப் பக்கம் கலங்கல் போகிறதா, 2015-ல் உங்கள் தெருவில் எந்த உயரத்துக்கு நின்றது, இந்த இரண்டையும் கேட்பது. இரண்டாவதற்கு அவரிடமே பதில் இருந்திருக்கும். முடிச்சூரில் பல சுவர்களில் அந்தக் கறை அப்போதும் இருந்தது. இதெல்லாம் இப்போது வரிசையாக வருகிறது. அன்று மூன்று போன் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு நவம்பரில் செம்பரம்பாக்கத்தை மறுபடி திறந்தார்கள், முதலில் 500 கன அடி. அறிவிப்பில் அதே ஊர்கள், அதே வால். இந்த முறை எதையும் வெட்டவில்லை. எல்லாப் பெயரையும் போட்டோம், அதற்காக மதகுப் படத்தைச் சின்னதாக்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் மணப்பாக்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார்.

"சார், லிஸ்ட்ல எங்க ஊர் பேர் இல்லையே. அப்ப நாங்க இருக்கலாம்தானே?"