போளி, பாயசம், அப்புறம் என் குடல்

வீடு கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில். 124 கிலோ எடையோடு போய் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டேன். அதற்கு முன் இரண்டு வாரம் வெறும் திரவ ஆகாரம், கல்லீரல் சுருங்கினால்தான் சர்ஜனுக்கு உள்ளே இடம் கிடைக்குமாம். மரச்சீனியும் மீன்குழம்பும் மணக்கிற வீட்டில் ஆபரேஷனைவிட அதுதான் கஷ்டம்.

இரைப்பையில் முட்டை அளவுக்கு ஒரு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலில் கொஞ்சம் கீழே நேராக இணைத்துவிடுகிறார்கள். முதலில் தெளிந்த சூப், பிறகு மசித்தது, அப்புறம்தான் குழைந்த பருப்பும் மீனும். சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் கூடாது என்பதற்குப் பழகத்தான் நாளானது.

நாலாம் மாதம் சித்தி மகள் கல்யாணம். "கொஞ்சம்போல குடிச்சா ஒண்ணும் ஆவாது மக்களே" என்று மாமி போளிமேல் பால்பாயசத்தை ஊற்றவைத்துவிட்டார். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை, நெஞ்சு படபடத்து, வேர்த்து ஊற்றி, பந்தலுக்குப் பின்னால் ஒரு வாழைமூட்டில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை சட்டென்று குடலில் இறங்கித் தண்ணீரை இழுக்கும், இதை டம்பிங் என்பார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் எழுதியிருந்ததுதான், படித்தும் இருந்தேன்.

ஏழாம் மாதம் 93-இல் எடை நின்றுவிட்டது. நாளைக்கு 60 கிராம் புரதம் என்ற கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பவுடரும் முட்டையுமாக ஓட்டியிருந்தேன், மலச்சிக்கல் வேறு. டயட்டீஷியன் மலையாளம் கலந்த தமிழில், "நீங்க மட்டும் தின்னா போதுமா, குடல் பாக்டீரியாவுக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்றார். பைபாஸுக்குப் பின் அந்தக் கூட்டமே மாறிவிடுமாம். 2013-இல் வந்த ஓர் ஆய்வில், பைபாஸ் செய்த எலிகளின் குடல் பாக்டீரியாவைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தபோது அவையும் எடை குறைந்தன. எலிக்கு நடந்தது எனக்கும் நடக்கும் என்று சொல்லவரவில்லை. ஆனால் குடல் பாக்டீரியாவின் முக்கியத் தீனியான நார்ச்சத்து என் தட்டில் இல்லவே இல்லை.

சரி என்று சிறுபயறும் கீரையும் ஒரேயடியாகக் கூட்டி, வாயு பிடித்து ஒரு ராத்திரி தூக்கம் போனது. பிறகு கரண்டி கரண்டியாகத்தான். மலச்சிக்கல் போய், எடை மெல்ல 88-க்கு வந்தது, பயறுக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன், நடக்கவும் அப்போதுதான் ஆரம்பித்திருந்தேன். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு.

போன வாரம் இன்னொரு கல்யாணம். பாயச வாளி வரும்போதே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன், மாமிக்குத்தான் கோபம்.