பேஸ்லிப் கிடைக்கும் இடம்: இன்ட்ராநெட்டை ஊழியர்களின் பழக்கமாக்குவது

புது இன்ட்ராநெட், அதாவது ஊழியர்களுக்கு மட்டுமான உள்தளம், தயாராகும் கட்டத்தில் பெரும்பாலான நிறுவனங்களில் முதலில் கூடுவது லோகோ பற்றிய கூட்டம்தான். பெயர் என்ன, நிறம் என்ன, திறப்பு அன்று எம்.டி. பேசுவாரா என்பதிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். திறந்த வாரத்தில் எல்லாரும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். அடுத்த மாதமே பேஸ்லிப் எங்கே என்று ஹெச்ஆருக்குப் போன் போகும், சர்க்குலர் வழக்கம்போல வாட்ஸ்அப் குழுவில் வரும். உள்தகவல் தொடர்பு வேலையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. பெயரும் அடையாளமும் தேவைதான். ஆனால் ஊழியருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் தனக்கு முடிந்த ஒரு வேலை நினைவுக்கு வர வேண்டும். அந்த வேலை எது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பெயருக்கே போக வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க பெரிய ஆய்வு வேண்டியதில்லை. ஹெல்ப்டெஸ்க்கிலும் ஹெச்ஆர் கவுன்டரிலும் கடந்த மூன்று மாதம் வந்த கேள்விகளை எடுத்து அடுக்கினாலே பாதி தெரிந்துவிடும். அதிலிருந்து 40, 50 வேலைகள் கொண்ட பட்டியல் தயாரித்து, வரிசையைக் கலைத்துப் போட்டு, உங்களுக்கு மிக முக்கியமான ஐந்தைத் தேர்ந்தெடுங்கள் என்று ஊழியர்களிடம் கேட்கலாம். இணையதள ஆலோசகர் ஜெர்ரி மெக்கவர்ன் பரப்பிய முறை இது. நீண்ட பட்டியலைக் கொடுத்து ஐந்தே ஐந்து எடுக்கச் சொல்லும்போது, எல்லாமே முக்கியம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை என்றால் பேஸ்லிப், லீவ் பேலன்ஸ், ஷிப்ட் அட்டவணை, கம்பெனி பஸ் ரூட், இன்சூரன்ஸ் கார்டு, போன் டைரக்டரி ஆகியவை மேலே வரும். நிர்வாகம் முகப்பில் வைக்க விரும்பும் விருதுச் செய்தியும் தொலைநோக்கு அறிக்கையும் பட்டியலின் அடியில் கிடக்கும். முகப்புப் பக்கத்தின் மேல்பாதி முதல் ஆறு வேலைகளுக்குத்தான். இதில் விட்டுக்கொடுத்தால் அடுத்து செய்யும் எந்த விளம்பரமும் நிற்காது.

போன் டைரக்டரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவருடைய எக்ஸ்டென்ஷன் எண்ணைத் தேடி, அது போன வருடம் இடம் மாறியவரின் எண்ணாக இருந்தால், தளத்தில் உள்ள மற்ற தகவல்களின் மேலும் நம்பிக்கை போய்விடும். டைரக்டரியைக் கையால் திருத்தும் எக்செல்லாக வைக்காமல் ஹெச்ஆர் பதிவிலிருந்து தானாக எடுக்கும்படி இணைத்துவிட்டுத் திறப்பது நல்லது. அதற்காக திறப்பு ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

இனி பெயர். இரண்டு மூன்று அசைக்குள் இருக்க வேண்டும். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் நாக்கு தடுக்காமல் வர வேண்டும். கேன்டீன் மேசையில், “அது அதுலயே இருக்குங்க, பாருங்க” என்று சொல்லும்போது அந்த ‘அதுல’ இருக்கும் இடத்தில் பெயர் தானாக வந்து உட்கார வேண்டும். ஐ.டி. துறையில் இருப்பவர்களுக்கு டிசிஎஸ்ஸின் அல்டிமேடிக்ஸ், இன்ஃபோசிஸின் ஸ்பர்ஷ் ஆகிய பெயர்களை விளக்க வேண்டியதில்லை. நேரம் பதிய, லீவ் போட தினமும் அங்கே போய்த்தான் அந்தப் பெயர்கள் பேச்சில் கலந்தன. தமிழ்நாடு அரசு ஊழியர்களிடம் களஞ்சியம் செயலியின் பெயர் புழங்குவதற்கும் காரணம் அதேதான்: சம்பள விவரம் அதில் இருக்கிறது.

தவிர்க்க வேண்டியவை சில உண்டு. கனெக்ட், ஹப், ஒன் போன்ற பெயர்கள் ஏற்கெனவே வேறு நான்கு மென்பொருளுக்கு இருக்கும். மெயிலில் தேடினால் நூறு சம்பந்தமில்லாத மெயில் வரும். மென்பொருளின் பெயரையே தளத்துக்கு வைத்து, “ஷேர்பாயிண்ட்ல போட்டிருக்கேன்” என்று பழக்கிவிட்டால், ஐந்து வருடம் கழித்து மென்பொருளை மாற்றும்போது பெயரும் போய்விடும். கம்பெனி பெயரின் முதல் எழுத்துகளைக் கோத்தால், கம்பெனி இன்னொன்றோடு இணையும்போதோ கைமாறும்போதோ அதே கதிதான். ஐபிஎம்மின் உள்தளம் டபிள்யூ3 என்ற பெயரிலேயே நெடுங்காலமாக இருக்கிறது. உள்ளே தொழில்நுட்பம் எத்தனையோ முறை மாறியிருக்கிறது. 2003-இல் நிறுவனத்தின் விழுமியங்கள் எவை என்று உலகம் முழுவதும் உள்ள தன் ஊழியர்களை 72 மணி நேரம் விவாதிக்க அழைத்தபோது, அவர்கள் கூடியது அந்த உள்தளத்தில்தான். ஒரு பெயர் அப்படி ஊன்ற வருடங்கள் வேண்டும். எனவே தலைமை மாறும்போதெல்லாம் பெயரை மாற்றாதீர்கள்.

பெயர்ப் போட்டி நடத்தலாம், ஊழியர்களுக்குத் தளத்தின் மேல் ஒரு உரிமை வரும். நடத்தும் முறையில்தான் கவனம் வேண்டும். இரண்டு வாரம் பரிந்துரை வாங்குங்கள். வந்ததில் நான்கைந்தைக் குழு பொறுக்கி, வேறு மொழியில் தவறான பொருள் இருக்கிறதா, வர்த்தகக் குறியீடாக யாராவது பதிந்திருக்கிறார்களா, இணைய முகவரி அமைக்க முடியுமா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஓட்டுக்கு விடுங்கள். முதலிலேயே ஓட்டுக்கு விட்டு, வென்ற பெயரைப் பயன்படுத்த முடியாமல் நிராகரித்தால், திறப்பதற்கு முன்பே கசப்பு தொடங்கிவிடும்.

முகவரியும் பிராண்டின் பகுதிதான், ஆனால் அதைப் பெரும்பாலும் நெட்வொர்க் குழுவிடம் விட்டுவிடுகிறோம். ஒற்றைச் சொல்லை முகவரியாக வைப்பது நினைவில் நிற்கும் என்று தோன்றும். நடைமுறையில் குரோமில் அந்தச் சொல்லை அடித்தால், கடைசியில் சாய்கோடு போடாவிட்டால், அது கூகுள் தேடலுக்குப் போகும். அதோடு, இப்படிப்பட்ட உள்பெயர்களுக்கான பாதுகாப்புச் சான்றிதழ்களை (தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்கு உறுதி சொல்பவை)ப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் 2015 நவம்பரோடு கைவிட்டுவிட்டன. உள்ளேயே சொந்தச் சான்றிதழ் கொடுத்தாலும், அதை நிறுவாத கைப்பேசியில் ‘இது பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வரும். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தவர் திரும்பி வரமாட்டார். நிறுவனத்தின் சொந்த இணையப் பெயருக்கு (டொமைன்) முன்னால் தளத்தின் பெயரைச் சேர்த்து ஒரு துணை முகவரி வாங்கினால் இரண்டு சிக்கலும் தீரும். அலுவலகத்துக்கு உள்ளேயும், விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு வெளியிலிருந்து இணைக்கும் வழி) இல்லாமல் வீட்டிலும், கைப்பேசி டேட்டாவிலும் அதே முகவரி திறக்கிறதா என்று திறப்புக்கு முன் மூன்று இடத்திலும் சோதித்துப் பாருங்கள்.

லோகோவைப் பொறுத்தவரை எளிமைதான் பாதுகாப்பு. நிறுவன லோகோவுக்குப் போட்டியாக இன்னொரு சின்னம் வந்தால் பிராண்ட் குழு நியாயமாகவே எதிர்க்கும். நிறுவனத்தின் எழுத்துருவில் தளத்தின் பெயர், நிறுவன நிறங்களோடு கூடுதலாக ஒரு நிறம், அவ்வளவு போதும். பிரவுசர் டேபில் தெரியும் 16 பிக்சல் ஐகானை மட்டும் தனியாக வரையுங்கள். இருபது டேப் திறந்து வேலை செய்பவருக்கு நிறுவனத்தின் பொதுத் தளமும் உள்தளமும் ஒரே ஐகானில் இருந்தால் ஒவ்வொரு முறையும் தவறான டேபுக்குப் போவார். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற அளவாவது நிற வேறுபாடு வேண்டும். வெளிர் சாம்பலில் எழுதியது ஷாப் ஃப்ளோர், அதாவது ஆலையின் உற்பத்திக் கூட வெளிச்சத்தில் தெரியாது.

தமிழில் பக்கங்கள் உண்டென்றால் இன்னும் இரண்டு விஷயம். ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காது, அதனால் பொத்தானைத் தமிழுக்கு அளந்துவிட்டு ஆங்கிலத்தை அதில் போடுங்கள். இரண்டாவது பெரிய வேலை. எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக அறிவித்தும், வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய சர்க்குலர்கள் இன்னும் நிறைய நிறுவனங்களில் இருக்கின்றன. அவை திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ‘விடுப்பு’ என்று தேடினால் ஒன்றுகூட வராது. ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப் அதைவிட மோசம், அது வெறும் படம். நடப்பில் இருக்கும் சர்க்குலர்களையாவது யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் திறக்க வேண்டும். தேடினால் கிடைக்கும் என்று போஸ்டர் ஒட்டிவிட்டுத் தேடலில் வெறும் பக்கம் காட்டுவது ஊழியரை ஏமாற்றுவதாகும்.

திறப்பு நாள் மாதக் கடைசியிலோ மார்ச் கணக்கு முடிப்பிலோ வரக் கூடாது. இரண்டு துறைகளில் இரண்டு வாரம் முன்னோட்டம் விட்டு, ஹெல்ப்டெஸ்க், ரிசப்ஷன், செக்யூரிட்டி கேட் ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கு முதலில் காட்டிவிடுங்கள். எல்லாரும் கேட்கப்போவது அவர்களிடம்தான். காபி கப், மவுஸ்பேட் அச்சடிக்கும் பணத்தை அவர்களுக்கான பயிற்சி நேரத்துக்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. வினாடி வினா வைத்தால் அன்று கூட்டம் வரும், பரிசு கொடுத்ததும் கலையும். வைப்பதென்றால் ‘உங்கள் லீவ் பேலன்ஸ் பக்கத்தில் இருக்கும் குறியீட்டுச் சொல் என்ன’ என்பதுபோல் நிஜ வேலையைச் செய்து பார்க்கும் கேள்வியாகக் கேளுங்கள். பழைய தளத்தை அன்றே படிக்க மட்டும் என்று மாற்றி, நான்கு முதல் ஆறு வாரத்தில் மூடிவிட வேண்டும். பழைய முகவரிகள் புதிய பக்கத்துக்குத் தானாகத் திருப்பப்பட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஊழியர்கள் தெரிந்த பழையதுக்கே போவார்கள்.

உண்மையான போட்டி வாட்ஸ்அப் குழுவோடுதான். ஹெச்ஆர் அதில் பிடிஎஃப்பைப் போட்டுவிட்டால் இன்ட்ராநெட்டில் இருப்பது மூன்றாவது பிரதி. முதல் இரண்டும் மெயிலிலும் கைப்பேசியிலும் ஏற்கெனவே இருக்கின்றன. பிறகு சர்க்குலரில் திருத்தம் வரும்போது எந்தப் பிரதி சரி என்று யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் குழுவை மூடச் சொல்லிப் பயனில்லை. அதில் இரண்டு வரிச் செய்தியும் இணைப்பும் மட்டும், கோப்பு கிடையாது என்ற ஒரே விதியைத் துறைத் தலைவர்களிடம் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். மெயிலுக்கும் அதே விதி. எந்தப் போஸ்டரையும்விட இது அதிகம் வேலை செய்யும், ஆனால் பிடித்து நிறுத்த ஆறு மாதம் ஆகும். மேலாளர் ஒருவர் விதியை மீறி ஃபைல் அனுப்பினால் தகவல் தொடர்பு அதிகாரி அன்றே அவரிடம் பேச வேண்டும்.

ஷாப் ஃப்ளோர் தொழிலாளிக்குக் கம்பெனி மெயில் ஐடி இல்லை என்பதைப் பலர் திறப்பு அன்றுதான் உணர்கிறார்கள். பதிவான கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி வந்து நுழையும்படி முன்கூட்டியே அமைக்க வேண்டும். ஹெச்ஆரில் உள்ள எண்கள் பழையதாக இருக்கும் என்பதால், அவற்றைச் சரிபார்க்க ஒரு மாதச் சம்பள நாளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஐடி கார்டின் பின்புறம் கியூஆர் குறியீடு அச்சிட்டால் 2 செ.மீ. அளவு போதும், ஒரு மீட்டர் தள்ளி நின்று ஸ்கேன் செய்யும் போஸ்டரில் 10 செ.மீ. வேண்டும். சுற்றிலும் வெள்ளை ஓரம் விடாமல் டிசைனர் நெருக்கி வைத்தால் ஸ்கேன் ஆகாது. லைனுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லாத ஆலையில் கேன்டீன் வாசலில் எல்லாரும் பயன்படுத்தும் தொடுதிரைக் கணினி (கியோஸ்க்) வையுங்கள், ஆனால் ஒரு நிமிடம் தொடாமல் இருந்தால் தானாக லாக்-அவுட் ஆக வேண்டும். ஒருவருடைய சம்பளத்தை அடுத்தவர் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த கியோஸ்க் பக்கம் யாரும் போகமாட்டார்கள். ஷிப்ட் தொடக்கத்தில் நடக்கும் ஐந்து நிமிடக் கூட்டத்தில் சூப்பர்வைசர் தன் கைப்பேசியில் லீவ் போட்டுக் காட்டுவது, அந்த இடத்தில் நாம் செய்யக்கூடிய மிகச் சிறந்த விளம்பரம்.

திறப்பு முடிந்த பிறகு விளம்பரத்தை ஊழியர்களின் ஆண்டோடு ஓட்ட வேண்டும். டிசம்பர் கடைசியில் அடுத்த ஆண்டு விடுமுறைப் பட்டியல், ஜனவரியில் வருமான வரிக்கான முதலீட்டு ஆதாரங்கள், ஏப்ரலில் முதலீட்டு அறிவிப்பு, ஜூனில் ஃபார்ம் 16, பள்ளி திறக்கும்போது கல்வி உதவி விண்ணப்பம், தீபாவளிக்கு முன் முன்பணம், போனஸ் விவரம். இவை ஒவ்வொன்றும் ஊழியர் தானாகத் தேடி வரும் நாள். அந்த வாரம் லாக் ஸ்கிரீனிலும் பேஸ்லிப்பின் அடியிலும் பஸ் சீட்டின் பின்புறத்திலும் அந்த ஒரு வேலையின் பெயரும் தளத்தின் பெயரும் மட்டும் இருக்கட்டும். ‘எங்கள் இன்ட்ராநெட்டைப் பாருங்கள்’ என்ற வாசகத்துக்கு யாரும் அசையமாட்டார்கள். ‘ஃபார்ம் 16 வந்துவிட்டது’ என்றால் அன்று மதியமே திறப்பார்கள்.

எண்களைப் படிப்பதில் எச்சரிக்கை வேண்டும். கணினிகளின் அமைப்பை ஒரே இடத்திலிருந்து மாற்றும் குரூப் பாலிசி மூலம் எல்லாக் கணினியிலும் உள்தளத்தையே பிரவுசரின் முதல் பக்கமாக வைத்தால் பார்வை எண்ணிக்கை எகிறும். அது பிரவுசர் திறந்த கணக்கே தவிர யாரும் படித்த கணக்கல்ல. அப்படி வைப்பதில் தவறில்லை, ஆனால் பக்கம் மெதுவாகத் திறந்தால் ஒரு நாளைக்குப் பத்து முறை எரிச்சலூட்டுகிறோம் என்று அர்த்தம். ஷேர்பாயிண்ட் 7, 30, 90 நாள் கணக்கில் தனித்தனி ஆட்களின் எண்ணிக்கையைத் தருகிறது. அதைத் துறைவாரியாக, இடம்வாரியாக அங்குள்ள மொத்த ஊழியர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலைமை அலுவலகத்தில் முக்கால்வாசிப் பேரும் ஆலையில் பத்தில் ஒருவரும் வந்தால் சராசரி நன்றாகத்தான் தெரியும். பேஸ்லிப் கேட்டு ஹெச்ஆருக்கு வரும் போன்கள் குறைகின்றனவா என்பது அதைவிட நேர்மையான அளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டுப் பத்துப் பேரை உட்கார வைத்து, ஆறு வேலைகளைச் செய்யச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று உதவி செய்யாமல் பாருங்கள்.

வாரம் ஒருமுறை விடை கிடைக்காத தேடல்களின் பட்டியலை எடுங்கள். ஒரே பேஸ்லிப்பை ‘சேலரி ஸ்லிப்’, ‘சம்பள சீட்டு’, ‘பே சிலிப்’ என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுத்துப் பிழையோடும் தேடியிருப்பார்கள். அந்தச் சொற்கள் எல்லாவற்றையும் அதே பக்கத்துக்கான திறவுச்சொற்களாகத் தேடலில் சேர்த்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. பட்டியலில் வரும் பொருளுக்குப் பக்கமே இல்லையென்றால், அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பான ஒருவரின் பெயரையும் சரிபார்த்த தேதியையும் அடியில் போட்டு உடனே எழுத வையுங்கள். அடுத்த மாத போஸ்டரில் என்ன போடுவது என்ற கேள்விக்கும் பதில் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.