நம்ம பக்கம் யாரு?

அண்டை நாடுகள் பாடத்தில் இலங்கைப் பிரதமராக இருந்த பண்டாரநாயக்க வந்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். ஆக்ஸ்போர்டில் படித்தவர், சிங்களத்தைவிட ஆங்கிலம் சரளமாக வந்தவர். 1956-இல் '24 மணி நேரத்தில் சிங்களம் மட்டும்' என்று ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். மறுவருஷம் இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டார். 1958-இல் பிக்குகள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் அதைக் கைவிட்டார். 1959-இல் அவரைச் சுட்டதும் ஒரு பிக்குதான். சிங்கள மேடைகளில் காட்டிய பூச்சாண்டி கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம்தான் என்றதும் பாம்பன் பையன்கள் விசிலடிக்காத குறை.

இலங்கை அகதி முகாம் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "சார், நம்ம பக்கம் அந்த மாதிரி யாரு?"

"அத நீங்களே யோசிங்கம்மா."

"எனக்கு ஓட்டே கிடையாது சார். நான் யோசிச்சு என்ன செய்ய?"

நான் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

அரசு ஊழியன் வகுப்பில் கட்சி பேசக்கூடாது. நல்ல விதிதான். காலையில் ஒரு பெயரைச் சொன்னால் மத்தியானத்துக்குள் மீன் ஏலக்கூடம்வரை போய்விடும் ஊர் இது. ஆனால் அவள் கேட்டது கட்சியையா? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. ஆறு மதங்கள் இருக்கின்றன, இஸ்லாம் இல்லை. இதைச் சொல்லியிருக்கலாம். சட்டம்தானே? சட்டம் மட்டும்தானா என்பதும் எனக்குத் தெரியும்.

ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சொன்னார்: "ரெண்டு நாட்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க சார். இங்க கோர்ட் இருக்கு, தேர்தல்ல தோக்குறாங்க." வாஸ்தவம். ஆனால் 1956-உம் ஒழுங்காக நடந்த தேர்தல்தான். அங்கே அதிபரான கோத்தபய ராஜபக்சவும் 2019-இல் ஓட்டு வாங்கித்தான் வந்தார். பெட்ரோலும் மாவும் தீர்ந்த 2022-இல்தான் அதே ஜனங்கள் துரத்தினார்கள். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தே தீரவேண்டும் என்று 2020-இல் அவர் அரசு நின்றபோது நாம் உச்சுக்கொட்டினோம். அதே வருஷம் டெல்லி தப்லீக் மாநாட்டைச் சாக்கிட்டு முஸ்லிம்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஓடிய அசிங்கத்தை எனக்கு அனுப்பியது என் சொந்தக்காரர்கள். கீழக்கரை முஸ்லிம்களோடு பெண் கொடுத்து எடுக்காத குறையாகப் பழகுகிறவர்கள். இதற்கு எந்தத் தலைவரைக் கைகாட்டுவது?

இந்த வருஷமும் அந்தப் பாடம் வருகிறது. பண்டாரநாயக்கவைக் கொஞ்சம் சுருக்கலாம் என்றிருக்கிறேன். அந்தக் கேள்வி வராமல் இருக்கவா, வந்தால் நேரம் இருக்கட்டும் என்றா, எனக்கே பிடிபடவில்லை.