அந்த பேண்டை நீக்கச் சொன்னது

"எதிர்பார்த்த விடை வந்ததால்தான் இந்த முறை சரி என்கிறீர்களா, சார்?" ஆய்வு மாணவி கேட்ட இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

2% குளுக்கோஸில் ஒளியடர்த்தி (OD) 0.5 வரை வளர்ந்த ஈஸ்ட்டில் ஸ்னிஃப்1 (Snf1) கைனேஸ், அதாவது குளுக்கோஸ் குறையும்போது மற்ற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி, செயல்படாமல் இருக்க வேண்டும். ஆனால் அவருடைய பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தைக் காட்டும் படம்), ஸ்னிஃப்1 முடுக்கப்பட்டதன் அடையாளமான, அதன் 210ஆம் இடத்துத் த்ரியோனின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறிய பேண்ட் (பட்டை) தடிமனாக இருந்தது. கல்ச்சரை 5 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்திருந்தார். அந்தப் படத்தை நீக்கச் சொன்னேன்.

காரணம் இருக்கிறது. செல்கள் குழாயின் அடியில் பெல்லட்டாகப் படியும் அந்தச் சில நிமிடங்களிலேயே ஸ்னிஃப்1 முடுக்கப்பட்டுவிடும். அதனால் 9 மி.லி. கல்ச்சரில் 100% டிசிஏ (ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) 1 மி.லி.யை நேரடியாக ஊற்றச் சொன்னேன். நொதிகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும், பிறகு எவ்வளவு சுற்றினாலும் கவலையில்லை. குளிர்ந்த அசிட்டோனில் கழுவ வேண்டும். அமிலம் மிஞ்சினால் சாம்பிள் பஃபர் மஞ்சளாகும், ட்ரிஸ் சேர்த்து நீலத்துக்குக் கொண்டுவரலாம். இப்படி எடுத்தபோது பேண்ட் மறைந்தது. 0.05% குளுக்கோஸுக்கு மாற்றிய செல்களில் மட்டும் தெரிந்தது. அப்போதுதான் அவர் அப்படிக் கேட்டார்.

டிசிஏ வீழ்படிவு முழுதாகக் கரையாவிட்டாலும் பேண்ட் மறையும். ஆனால் அதே மெம்பிரேனில் மொத்த ஸ்னிஃப்1 எல்லா லேனிலும் (ஒவ்வொரு மாதிரியும் ஓடும் தடம்) சமமாக இருந்தது. என் தரப்பு அதில்தான் நிற்கிறது. 210இல் த்ரியோனினுக்குப் பதில், பாஸ்பேட் ஏற முடியாத அலனின் வைத்த திரிபையும் ஓட்டினோம், பேண்ட் வரவில்லை. ஆனால் ஆன்டிபாடி சரியான இடத்தைத்தான் பிடிக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. பாஸ்பேட் எப்போது ஏறியது என்று அது சொல்லாது.

உறுத்துவது அடுத்த படி. ஸ்னிஃப்1, மரபணுக்களை அடக்கிவைக்கும் மிக்1 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏற்றி அதை உட்கருவுக்கு வெளியே அனுப்புகிறது, அடக்குமுறை தளர்கிறது. குளுக்கோஸ் குறையும்போது ஹாப்4 என்ற தூண்டு புரதம் பெருகி, சிசிஏஏடி (CCAAT) என்ற டிஎன்ஏ வரிசையில் அமர்ந்த ஹாப்2/3/5 புரதங்களுடன் சேர, சைட்டோகுரோம் சி முதலான சுவாச மரபணுக்கள் திறக்கின்றன. அந்த ஆர்என்ஏ அளவுகளை எடுத்ததும் சுற்றிய பெல்லட்டிலிருந்துதான். பாஸ்பேட் ஏறும் வேகத்தில் எம்ஆர்என்ஏ மாறாது என்று சொல்லி அந்தப் படங்களை வைத்துக்கொண்டோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அதே பெல்லட்டின் பிளாட்டை நம்பாதவர் ஆர்என்ஏவை மட்டும் நம்பியது ஏன் என்று அவர் கேட்டிருந்தால்?

எங்கள் ஈஸ்ட் இனம் எஸ்288சி என்ற ஆய்வக வகை. அதன் ஹாப்1 மரபணுவில் டிஒய்1 (Ty1) என்ற இடம்பெயரும் டிஎன்ஏ துண்டு செருகியிருப்பதால், சுவாச மரபணுக்களுக்கான ஹீம் மூலக்கூறு வழித் தூண்டுதல் ஏற்கெனவே மங்கல். சைட்டோகுரோம் சி-க்கான சிஒய்சி1 மரபணுவின் ஆர்என்ஏ அளவு குறைந்தால் ஸ்னிஃப்1 பக்கம் மட்டும் கைகாட்ட முடியாது. சுவாசம் இருந்தால்தான் வளர முடியும் கிளிசராலில் வளராத காலனிகளும் அப்படித்தான். இந்த இனத்தில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ இழந்த பெட்டீட் செல்கள் எளிதில் தோன்றும். சிக்னல் பழுதா, டிஎன்ஏவே போய்விட்டதா என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

பேண்ட் வராத முதல் பிளாட்டாக இருந்திருந்தால் எடுத்த முறையைக் கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரே கல்ச்சரை இரண்டாகப் பிரித்து, சுற்றியதையும் அமிலமிட்டதையும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டி, இரண்டையும் படத்தில் வைக்கலாம் என்று அவர் சொன்னார். இடமில்லை என்றேன்.